அடைச்ச பல் மஞ்சளாகுதா? மாத்தணுமா, பாலிஷ் போதுமா?

"சொத்தைப் பல்லை அடைச்சப்ப வெள்ளையாத்தான் இருந்துச்சு. ரெண்டு வருஷத்துல மஞ்சளாயிடுச்சே டாக்டர், எடுத்துட்டு வேற வச்சிடலாமா?" பல் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நிறம் மாறினாலே ஃபில்லிங் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கறை எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

கறை எப்படிப் பிடிக்கிறது?

பல்லின் நிறத்திலேயே அடைக்கப்படும் பொருளின் பெயர் காம்போசிட். பிசினில் நுண்ணிய கண்ணாடி, சிலிக்கா துகள்களைக் கலந்து செய்வது. நீல ஒளி பட்டால் இறுகிவிடும். இந்தப் பிசின் வாயின் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். கூடவே காபி, டீ, குழம்பு மஞ்சள் ஆகியவற்றின் நிறமும் உள்ளே போகும்.

தேய்மானமும் இதற்குத் துணைபோகிறது. மெல்லும்போது துகள்களைச் சுற்றியுள்ள பிசின் தேய, துகள்கள் உதிரும். அந்த இடம் சொரசொரப்பாகி, கறையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

மேலேயா, ஓரத்திலா?

மேற்பரப்பில் மட்டும் கறை என்றால் பெரும்பாலும் பாலிஷ் போட்டாலே போதும். ஃபில்லிங்கும் பல்லும் சேரும் ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால் கொஞ்சம் கவனம் தேவை. காம்போசிட் இறுகும்போது சுமார் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். அதனால் ஓரத்தில் மெல்லிய இடைவெளி விழலாம். அது வெறும் கறையா, உள்ளே மறுபடி சொத்தையா என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மற்ற பொருட்கள் எப்படி?

வெள்ளி நிற அமால்கத்தில் ஏறக்குறைய பாதி பாதரசம். கருத்துப்போனாலும் கடைவாயில் நன்றாகத் தேய்மானம் தாங்கும். ஆனால் பாதரசத்தால் சுற்றுச்சூழலுக்குக் கேடு என்பதால், 2025 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் சில விதிவிலக்குகளோடு அதை நிறுத்திவிட்டது. கிளாஸ் அயனோமர் சிமென்ட் ஃபுளோரைடை வெளியிடும். பால் பற்களுக்கும் ஈறோரக் குழிகளுக்கும் ஏற்றது. கடித்து மெல்லும் இடத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அவசரப்பட்டு மாற்றினால் என்ன?

பழையதை எடுக்கும் ஒவ்வொரு முறையும் நல்ல பல்லும் கொஞ்சம் போகும், குழி பெரிதாகும். இப்படியே போனால் ஒருநாள் வேர் சிகிச்சை, கேப் என்று செலவு இழுத்துவிடும். எனவே "மாத்திடுங்க" என்பதற்கு முன், "பாலிஷ் போட்டோ, ஓரத்தை மட்டும் சரிசெய்தோ சமாளிக்கலாமா?" என்று கேட்பது நல்லது.

காபி, டீ குடித்ததும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னொன்று: பல்லை வெண்மையாக்கும் சிகிச்சை ஃபில்லிங்கின் நிறத்தை மாற்றாது. முன்பல்லை அடைக்கும் முன்பே வெண்மையாக்கிக்கொண்டால், இரண்டின் நிறமும் ஒத்துப்போகும்.