"ஆஃப்" என்றால் அணைப்பது மட்டும்தானா?

கரண்ட் ஆஃப் ஆயிடுச்சு, மோட்டாரை ஆஃப் பண்ணு, அவருக்கு இன்னிக்கு வீக்லி ஆஃப்... இங்கிலீஷே தெரியாது என்று சொல்லும் பாட்டிகூட ஒரு நாளைக்குப் பத்துத் தடவை 'ஆஃப்' சொல்லிவிடுகிறார். ஆனால் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் 'புட் ஆஃப்', 'கால் ஆஃப்', 'கோ ஆஃப்' என்று வந்துவிட்டால் மட்டும், "அப்பா வந்ததும் கேட்டுக்கோ" என்று நழுவிவிடுகிறோம். எங்கள் அணுபுரத்தில் பாதி அப்பாக்கள் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள். அவர்கள் வீடு திரும்புவதற்குள் பிள்ளை தூங்கிவிடும்.

சகோதரிகளே, அப்பாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் தமிழிலேயே இதற்கு ஒரு சொல் இருக்கிறது. 'தள்ளி' என்பதுதான் அது.

பாருங்களேன், ஆடி மாதம் துணிக்கடையில் '20 பெர்சென்ட் ஆஃப்' என்று எழுதிப் போடுகிறார்கள். அதையே தமிழில் எப்படி எழுதுகிறார்கள்? தள்ளுபடி! பாங்க்கில் கடனை 'ரைட் ஆஃப்' செய்தால் அதையும் கடன் தள்ளுபடி என்றுதான் எழுதுகிறார்கள். கல்யாணத்தை 'புட் ஆஃப்' செய்தால் தள்ளிப் போடுகிறார்கள். பூங்காவில் 'கீப் ஆஃப் தி கிராஸ்' என்று பலகை இருந்தால் புல்லை விட்டுத் தள்ளி நட என்று அர்த்தம். நான் ஒன்றும் வலிந்து பொருத்தவில்லை, தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சுவிட்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் கரண்ட் ஓடும், அதுதான் 'ஆன்'. ஒன்று தள்ளிப் போய்விட்டால் ஓடாது, அது 'ஆஃப்'. ஆக, அணைப்பது என்பது பின்னால் வந்த அர்த்தம். ஒட்டாமல் தள்ளி இருப்பதுதான் அந்தச் சொல்லின் அடிப்படை. இது ஒன்று மனசில் பதிந்துவிட்டால் மீதி பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதைச் சரியாகப் புரிந்துகொள்வது பரீட்சை மார்க்குக்கு மட்டும் வேண்டிய விஷயம் இல்லை. மழைக்காலத்தில் வானிலை இலாகாவின் இங்கிலீஷ் அறிக்கையில் 'அலாங் அண்ட் ஆஃப் தமிழ்நாடு கோஸ்ட்' என்று ஒரு வாசகம் அடிக்கடி வரும். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்கிற எச்சரிக்கையோடு வரும். 'அலாங்' என்றால் கரையை ஒட்டி. 'ஆஃப்' என்றால் கரையை விட்டுத் தள்ளி, கடலுக்குள். ஒட்டியும் காற்று, தள்ளியும் காற்று. சுவிட்ச் அர்த்தத்தை வைத்துக்கொண்டு, ஏதோ காற்று அடங்கிவிட்டது என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்! 2022 டிசம்பர் 9-ம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் குப்பங்களில் இருப்பவர்களுக்கு இந்த வாசகம் வெறும் இலக்கணம் இல்லை.

இன்னொன்றும் இங்கே உண்டு. கல்பாக்கம் அணுமின் நிலையத்தை முன்னிட்டு அவ்வப்போது பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். நிலையத்துக்குள் மட்டும் என்றால் 'பிளான்ட் எமர்ஜென்சி', வளாகம் முழுவதும் என்றால் 'சைட் எமர்ஜென்சி'. வேலிக்கு வெளியேயும் விஷயம் பரவினால் என்ன செய்வது என்று மாவட்ட கலெக்டர் தலைமையில், சுற்றுவட்டார ஊர்களையும் சேர்த்து நடத்துவது 'ஆஃப்-சைட் எமர்ஜென்சி' ஒத்திகை. சைட்டை ஆஃப் பண்ணிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டால் அர்த்தம் அடியோடு மாறிப்போகும். சைட்டை விட்டுத் தள்ளி இருக்கிற இடம் என்பதுதான் பொருள். அணுபுரத்தில் குடியிருக்கும் நாமும் அந்தத் 'தள்ளி'க்குள்தான் இருக்கிறோம்.

குழந்தைகளோடு டாக்டரிடம் போகும்போதும் இந்தச் சொல் வரும். டவுன்ஷிப்பில் பல மாநிலத்துக்காரர்கள் இருப்பதால் ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ்தான் பாதிப் பேச்சு. "டேக் ஹிம் ஆஃப் மில்க் ஃபார் டூ டேஸ்" என்றால், இரண்டு நாளைக்குக் குழந்தையைப் பாலிலிருந்து தள்ளி வை, அதாவது பால் கொடுக்காதே. "டோன்ட் புட் ஆஃப் தி வாக்ஸினேஷன்" என்றால் ஊசியைத் தள்ளிப் போடாதே. 6, 10, 14 வாரங்களில் ஒன்று, 9 மாதத்தில் ஒன்று என்று தேதி குறித்துக் கொடுத்த அட்டையை வைத்துக்கொண்டு, ஊரில் திருவிழா, மாமியார் வந்திருக்கிறார் என்று தள்ளிப் போடுவது நம்மில் பலருக்கும் பழக்கம்தானே? தாய்ப்பாலை மெல்ல மெல்ல மறக்கடிப்பது 'வீன் ஆஃப்'. அதிலும் அந்தத் தள்ளி வைப்பது இருக்கிறது. ஒரே நாளில் வெடுக்கென்று நிறுத்துவது அல்ல.

எல்லாவற்றுக்கும் 'தள்ளி' சரிப்பட்டு வராது. பிள்ளைகள் ரொம்பக் குழம்புவது 'கோ ஆஃப்' விஷயத்தில்தான். லைட் 'வென்ட் ஆஃப்' என்றால் அணைந்து போச்சு. பால் 'வென்ட் ஆஃப்' என்றால் கெட்டுப் போச்சு. சரி, சைரன் 'வென்ட் ஆஃப்' என்றால்? நின்று போச்சு என்றுதான் எந்தப் பிள்ளையும் சொல்லும். நேர் எதிர்! ஊத ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அலாரமும் அப்படித்தான், வெடியும் அப்படித்தான். சாவி கொடுத்த பழைய கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிடித்து வைத்திருந்த ஒன்று விடுபட்டுக் கிளம்புகிறது, சத்தம் வருகிறது. இதைப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். சைரன் என்பது விளையாட்டில்லை.

இங்கேதான் தமிழின் இன்னொரு சாமர்த்தியம் கைகொடுக்கிறது. நாம் எந்த வினையோடும் 'போ', 'விடு' சேர்த்துவிடுவோம் இல்லையா? கெட்டுப் போச்சு, அசந்து போயிட்டான், முடிச்சுடு, அடைச்சுட்டேன். வெறும் 'கெட்டது' என்பதைவிட 'கெட்டுப் போச்சு' என்பதில் ஒரு முடிவு தெரிகிறது. இங்கிலீஷ்காரர் அந்த வேலையைப் பல இடங்களில் 'ஆஃப்' கையில் கொடுத்துவிட்டார். 'டோஸ் ஆஃப்' என்றால் கண்ணசந்து போவது. 'ஃபினிஷ் ஆஃப்' முடித்துவிடுவது. 'பே ஆஃப்' கடனை அடைத்துவிடுவது. 'வேர் ஆஃப்' மருந்தின் வேகம் தீர்ந்து போவது. மயக்க மருந்து 'வேர் ஆஃப்' ஆனதும் வலி தெரியும் என்று சொல்வார்கள். 'டெல் ஆஃப்' என்றால் திட்டுவது, 'ஷோ ஆஃப்' என்றால் பீற்றிக்கொள்வது. இந்த இரண்டுக்கும் என்னிடம் ஒரு வழியும் இல்லை. மனப்பாடம்தான்.

பள்ளி டயரியில் வரும் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு விழா 'புட் ஆஃப்' என்றால் வேறு தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள், வெள்ளைச் சட்டையைத் துவைத்துத் தயாராக வைக்கலாம். 'கால் ஆஃப்' என்றால் நடக்கப் போவதே இல்லை.

இன்னொரு சங்கடம், தமிழ் வாயில் மூன்று இங்கிலீஷ் சொற்கள் ஒரே 'ஆஃப்' ஆகிவிடுகின்றன. 'கிளாஸ் ஆஃப் வாட்டர்' என்பதில் வருவது வேறு, அதை 'ஒவ்' என்று மெதுவாகச் சொல்ல வேண்டும், எழுதும்போது ஒரே ஒரு 'எஃப்'. நம் ஆளுக்கு இரண்டு 'எஃப்'. பழைய காலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகத்தான் இருந்தன. 1600-க்கு அப்புறம்தான் எழுத்தில் சரியாகப் பிரிந்தன என்கிறார்கள். அவர்களுக்கே அவ்வளவு நாள் பிடித்திருக்கிறது என்றால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை ஏன் அடிக்க வேண்டும்?

மூன்றாவது, ஹோட்டலில் கேட்கிற 'ஆஃப் பாயில்'. அது இந்தக் குடும்பமே இல்லை, பாதி என்கிற 'ஹாஃப்'. டயரியில் 'ஹாஃப் டே' என்று இருந்தால் மத்தியானம் வரை பள்ளி உண்டு. 'டே ஆஃப்' என்று இருந்தால் அன்றைக்குப் பள்ளியே கிடையாது. விடியற்காலையில் எழுந்து டிபன் பாக்ஸ் கட்டுவதற்கு முன்னால், அது 'ஹெச்'சில் ஆரம்பிக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.