உப்புக்காற்றும் பஸ் வீடும்

பழைய பஸ் ஒன்றை விலைக்கு வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் நீர்த்தொட்டியும் பொருத்தி வீடாக்கிக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டிலும் இப்போது பரவி வருகிறது. திரைப்படத் துறையினர் ‘கேரவன்’ என்று வழங்கும் வண்டியை நேயர்கள் அறிவார்கள். கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே அம்மாநிலப் போக்குவரத்துக் கழகம் தன் பழைய பஸ்களில் படுக்கைகள் அமைத்து, மூணாற்றுக்கு வருவோர் இரவில் தங்குவதற்கு வாடகைக்கு விட்டது. வெளி மாநிலங்களில் வாழ்ந்து, பொங்கலுக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் ஊர் திரும்ப ரயிலில் இடமின்றி அலைந்த நம்மவர்க்கு, வீட்டையே உடன் கொண்டு செல்லும் இந்த ஏற்பாடு கவர்ச்சியாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

சென்ற மழைக்காலத்தில், மட்டாஞ்சேரியில் நெடுநாளாகக் குடியிருக்கும் தமிழன்பர் ஒருவருடன் அத்தகைய வண்டியொன்றைப் பார்க்கச் சென்றோம். உள்ளே சுவரெங்கும் வெண்மையான ஒட்டுப்பலகை. சாளரங்களுக்குப் பூப்போட்ட திரை. பின்புறம் குழந்தைகளுக்கென இரண்டு கட்டில்கள். பன்னிரண்டு ஆண்டுச் சேமிப்பிலிருந்து முன்பணம் கொடுக்க அன்பர் ஆயத்தமாகவே வந்திருந்தார். கட்டிலின் அடிப்பலகையைத் தூக்கி, தளத்தின் மூலையில் டார்ச் விளக்கைச் செலுத்தினோம். தளத்தைத் தாங்கும் குறுக்கு இரும்பு விரலால் அழுத்திய அளவிலேயே உதிர்ந்தது. மலைப்பாதையில் வண்டி குலுங்கிச் செல்லும்போது அவ்விடத்தின் மேல்தான் அக்குழந்தைகள் உறங்கியிருப்பார்கள்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்பும் சேர்ந்தால் அது விரைவுபடும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நீர்விடுவதைப் பார்க்காதவர் இல்லை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவை எட்டினாலே உப்பு நீரை இழுத்துக் கசியத் தொடங்குகிறது. ஒரு புறம் கடலும் மறு புறம் காயலும் சூழ்ந்த கொச்சிக்கு அந்த ஈரப்பதம் புதிதன்று. ஆகவே, இரும்பின்மேல் படிந்த உப்புத்தூள், மழை பெய்யாத நாளிலும் அதனை நனைத்துக்கொண்டே இருக்கிறது. கோட்டைக் கொச்சியின் சீன வலைகள் முன்னாளில் மரக்கழிகளால் நின்றவை. பின்னர் பலவற்றில் இரும்புக் குழாய்கள் புகுந்தன. அக்குழாய்களைத் துரு தின்பதைக் கரையில் நின்றே காணலாம். நம் பாம்பன் ரயில் பாலத்தையே எடுத்துக்கொள்வோமே! 1914-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தைக் கடற்காற்றிலிருந்து காக்க ஓயாது வண்ணம் பூசி வந்தார்கள். ஆயினும் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அத்தகைய பாலத்துக்கே இந்தக் கதியென்றால், கேட்பாரற்று நிற்கும் பழைய பஸ்ஸைப் பற்றிச் சொல்லவேண்டுமா? மட்டாஞ்சேரிப் பகுதியில் ஓதம் ஏறும் நாட்களில் உப்புநீர் தெருவுக்கே வந்துவிடுகிறது. அதில் ஓடிய சக்கரங்கள் அந்நீரை வண்டியின் அடியெங்கும் வாரி இறைக்கின்றன.

எனவே, சோதனையை அடியிலிருந்து தொடங்கவேண்டும். வண்டியை வெறும் ஜாக்கியால் தூக்கிவிட்டு அதன்கீழ் நுழைவது உயிருக்கு ஆபத்து. பட்டறைக் குழியின்மேல் நிறுத்திப் பார்ப்பதே முறை. சேஸிஸ் என்னும் அடிச்சட்டம் ஏணி போன்றது. முன்னிருந்து பின்வரை ஓடும் இரு நெடுஞ்சட்டங்களும் அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்களும் கொண்டது. கரூரிலோ வேறெங்கோ கட்டிய கூண்டு அதன்மேல் அமர்கிறது. நெடுஞ்சட்டம் தடித்த எஃகினால் ஆனது; ஆதலால் மேலோடு படிந்த செந்துருவைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. கம்பித் தூரிகையால் தேய்த்து, உறுதியான இரும்பு தெரிகிறதா என்று பார்த்தால் போதும். அது அடை அடையாக உரிந்தால் தீய குறி. துருவானது தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்வது. ஆகையால் ஒட்டியிருக்கவேண்டிய இரு தகடுகளைப் பிளந்துகொண்டு அது திரண்டு நின்றால் இன்னும் தீயது. வில்பட்டைகளைச் சட்டத்தோடு இணைக்கும் தாங்கிகளின் அருகே மயிரிழை போன்ற செந்நிறக் கோடு கசிந்திருப்பின், அங்கே விரிசல் இருக்கக்கூடும். அடிச்சட்டத்தில் ஒட்டுத்தகடு வைத்துப் பற்றவைத்திருந்தால், அது எதனால் நேர்ந்தது என்று விற்பவரைக் கேட்கத் தயங்கவேண்டாம்.

அடிப்புறம் முழுதும் புதிதாகக் கரும்பூச்சு பளபளத்தால் மகிழ்ச்சியடைவதற்கில்லை. துருவைச் சுரண்டாமல் அதன்மேல் பூசிய தார், ஈரத்தை உள்ளே சிறைவைத்து அரிப்பை வளர்க்கிறது. சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிச் செல்லுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மொத்தென்று சப்திக்கும். வயதான மெக்கானிக்குகள் கண்ணைவிடக் காதையே நம்புவார்கள்.

பெரும்பாலும் அடிச்சட்டத்துக்கு முன்பே கெடுவது கூண்டுதான். தூண்கள் தளத்தோடு சேருமிடம், சக்கர வளைவுகள், படிக்கட்டு, பாட்டரிப் பெட்டி ஆகிய இடங்களில் சேறு தங்கும். சேற்றில் உப்பு தங்கும். அங்கே திருப்புளியால் அழுத்திப் பார்க்கவேண்டும். பட்டி பூசி மறைத்த ஓட்டைகளைக் காந்தத் துண்டால் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். எஃகுத் தகட்டுக்கு அது சரியே. ஆனால் பஸ்களின் பக்கத் தகடுகள் பெரும்பாலும் அலுமினியம். அதில் காந்தம் ஒருபோதும் ஒட்டாது. அங்கே பார்க்கவேண்டியது ரிவெட்டுகளைச் சுற்றியுள்ள வெண்பொடியையும் கொப்புளங்களையும். அலுமினியமும் எஃகும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலம் போலாகி, அலுமினியம் அரிபடுகிறது. வெளியே வெண்பொடி தோன்றினால், உள்ளேயும் நீர் புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

மாற்றியமைத்த வண்டியில் உள்ள பெருந்தொல்லை யாதெனில், பார்க்கவேண்டியவை யாவும் ஒட்டுப்பலகைக்குப் பின்னே ஒளிந்திருக்கின்றன. இரண்டு மூன்று பலகைகளையாவது கழற்றிக் காட்டும்படி கேட்கவேண்டும். மறுப்பவரிடம் வாங்காதிருப்பதே நலம் என்பது நம் கருத்து. பெட்டிபோன்ற இரும்புக் குழாய்களுள் காய்ந்த வண்டல் கிடந்தால் வண்டி வெள்ளத்தில் மூழ்கியதாக இருக்கலாம். 2018 ஆகஸ்டு வெள்ளத்தைக் கண்ட மாநிலம் இது. குளிர்சாதனத்துக்கும் காற்றுப்போக்கிக்கும் கூரையில் துளையிட்ட இடங்களில் நீர்க்கறை உண்டா என்று மழைநாளில் பார்ப்பதே சிறப்பு. பெரிய சாளரத்துக்காக இடைத்தூண் ஒன்றை அறுத்திருக்கிறார்களா என்பதும் முக்கியம். வண்டி கவிழ நேர்ந்தால் கூரை உள்ளிருப்போர்மீது நசுங்காமல் தாங்குபவை அத்தூண்களே. ஒரு சாளரச் சட்டத்தின் மூலைக்கு மூலை நூற்கயிற்றைப் பிடித்து இரு குறுக்களவுகளையும் ஒப்பிடுங்கள். அவை வேறுபட்டாலோ, சமதரையில் கதவு இடறி மூடினாலோ, கூண்டு முறுகியிருக்கிறது என்று ஐயுறலாம்.

பாரமும் கணக்கில் வரவேண்டும். பிரயாணிகளின் எடை தளமெங்கும் பரவியிருக்கும். வீட்டின் எடை ஓரிடத்தில் குவிகிறது. 200 லிட்டர் தொட்டி நிறைந்தால் 200 கிலோ. பின்சக்கரத்துக்கு அப்பால் அதனைத் தொங்கவிட்டால், துருப்பிடித்த வால்புறம் எத்தனை நாள் பொறுக்கும்?

இனி ஆவணங்கள். சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணைத் துரு அழித்துவிடுவதுண்டு. அது பதிவுச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும். வண்டியைத் தன்விருப்பப்படி மாற்றியமைக்க இயலாது என்று, கேரள வழக்கொன்றிலேயே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே மாற்றத்துக்குரிய அனுமதி சான்றிதழில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அரசுக் கழகத்தின் பஸ் மலிவாக வருகிறது என்றால் அதன் வயதைக் கேளுங்கள். பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கலாகாது என்பது மத்திய அரசின் விதி. வேற்று மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்குமேல் ஓரிடத்தில் வைத்திருப்பவர் தடையில்லாச் சான்று பெற்று அங்கே மறுபதிவு செய்யவேண்டும். வாழ்வது ஒரு மாநிலமும் சொந்த ஊர் வேறொரு மாநிலமுமான நம்மவர் இதனை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

மட்டாஞ்சேரி அன்பர் அன்று முன்பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார். இப்போது பாலக்காட்டுப் பக்கம், கடலை அறியாத உள்நாட்டுச் சாலைகளில் ஓடிய வண்டியொன்றை விசாரித்திருக்கிறார். உட்பலகை ஏதும் இன்னும் அடிக்கவில்லையாம். ஒரு நாள் முழுதும் மழையில் நிறுத்திவைத்துவிட்டு, மறுநாள் விடியலில் டார்ச் விளக்குடன் உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.