மானிய விண்ணப்பமும் குழுவின் ஏடுகளும்

மானியம் கோரும் குழுவின் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் அக்குழுவின் கூட்டங்களில் அமர்ந்திருந்தவர் அல்லர். உறுப்பினர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தின் அருமையை அவருக்கு உணர்த்த வல்லவை ஏடுகளே.

தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு வழங்கும் சுழல்நிதியை எடுத்துக்கொள்வோம். பஞ்சசூத்திரம் எனப்படும் ஐந்து நெறிகளைக் கடைப்பிடிக்கும் குழுக்களுக்கே அது உரியது. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உறுப்பினர்களுக்குள் கடன் வழங்கல், உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தல், முறையான கணக்கேடு ஆகியவையே அந்நெறிகள். முதல் நான்கும் நடந்தன என்பதற்கு ஐந்தாவதே சான்று.

ஆகவே, விண்ணப்பிக்கும் முன்னர் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், கடன் பதிவேடு, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய நான்கையும் அருகருகே வைத்து ஒப்புநோக்க வேண்டுகிறோம். ஒரு கூட்டத்தில் 12 உறுப்பினர்கள் தலா 100 ரூபாய் சேமித்ததாகத் தீர்மானப் புத்தகம் கூறுகிறது. வங்கியிலோ 900 ரூபாய் மட்டுமே வரவாகியுள்ளது என்று கொள்வோம். எஞ்சிய 300 ரூபாய் ஓர் உறுப்பினருக்குக் கடனாக அளிக்கப்பட்டிருக்கலாம். கடன் பதிவேட்டில் அதற்கு ஒரு வரி இருந்தால் கணக்கு நேராகும். இல்லையேல் நேர்மையான குழுவும் ஐயத்துக்கு ஆளாகும்.

அடுத்தது பெயர். விண்ணப்பத்திலும் தீர்மானத்திலும் வங்கிக் கணக்கிலும் குழுவின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருத்தல் வேண்டும். கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் நினைவிலிருந்து எழுதாமல் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே எழுதுக.

மூன்றாவது கையொப்பம். கையொப்பமிடும் அதிகாரம் பெற்ற பொருளாளர் வேறூருக்குக் குடிபெயர்ந்திருந்தால், வரவான நிதியை எடுக்க இயலாமல் குழு தவிக்க நேரிடும். புதியவரைத் தேர்ந்தெடுத்த தீர்மானத்தையும் அவருடைய அடையாள, முகவரிச் சான்றுகளையும் முன்கூட்டியே கிளையில் அளித்துவிடுவது நலம். குழுவின் சேமிப்புக் கணக்கைத் தொடங்க நிர்வாகிகளின் சான்றுகளே போதும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. கடன் இணைப்பின்போது அனைத்து உறுப்பினர்களின் சான்றுகளும் கேட்கப்படலாம்.

ஏட்டில் ஏதேனும் ஒரு கூட்டம் விடுபட்டிருந்தால், பழைய தேதியிட்டு நிரப்ப வேண்டா. அடுத்த கூட்டத்தில் அவ்விடுபாட்டை உள்ளவாறே பதிவு செய்து, அனைவரும் கையொப்பமிடுக. விடுபட்டதை ஒப்புக்கொள்ளும் ஏடு நம்பிக்கை இழப்பதில்லை. ஒரே இரவில், ஒரே பேனாவால் நிரப்பப்பட்ட ஏடே அதனை இழக்கிறது.