சோடா பாட்டிலில் பெயரும் தேதியும்

பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் 1916இல் விருதுநகரில் காளிமார்க் சோடா கம்பெனியைத் தொடங்கிய காலத்தில் சோடா என்றாலே கோலி பாட்டில். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. இடுக்கிய கழுத்து, உள்ளே ஒரு கோலி, வாயில் ரப்பர் வளையம். கேஸின் அழுத்தம் கோலியை மேலே தள்ளி வளையத்தோடு ஒட்டவைக்கும்; கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினால் 'டப்'பென்று இறங்கும்.

அந்தப் பாட்டிலின் வயிற்றில் கம்பெனி பெயர் புடைத்து நிற்கும். அச்சிலேயே வார்த்த எழுத்து. இருட்டிலும் விரலால் தடவிப் படிக்கலாம். உள்ளே இருக்கும் சோடாவைவிடப் பாட்டில்தான் காசு. பக்கத்து ஊர்க்காரன் பெட்டிக்குள் போய்விட்டாலும் பெயரைப் பார்த்துத் திருப்பிக் கேட்கலாம். எப்போது அடைத்தது என்று யாரும் கேட்டதில்லை.

இன்று கேள்வியே தலைகீழ். தயாரித்த நாள், தொகுதி எண், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் என எல்லாம் வேண்டும். சிவகாசிப் பட்டாசுப் பெட்டியில்கூட, 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பசுமைப் பட்டாசு என்று காட்டக் கியூஆர் கோடு ஏறிவிட்டது.

கண்ணாடியில் இதையெல்லாம் எழுத லேசர் இருக்கிறது. உலோகத்துக்குப் பயன்படும் ஃபைபர் லேசர் தெளிந்த கண்ணாடியை ஊடுருவிப் போய்விடும். கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் கதிரையோ கண்ணாடி மேற்பரப்பிலேயே உறிஞ்சிக்கொள்கிறது. பட்ட இடம் சூடேறி, கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழும். அவை சேர்ந்து பனி படர்ந்த மாதிரி வெள்ளெழுத்தாகத் தெரியும். மையும் வேண்டாம், லேபிளும் வேண்டாம், அழியவும் அழியாது. சின்ன மருந்துக் குப்பிகளுக்கு இது பாந்தம்.

சோடாவுக்கு அவ்வளவு பாந்தமில்லை என்பேன். கேஸ் அடைத்த பாட்டிலில் கீறல் ஆழமானால் அந்த இடமே பலவீனம். அதைவிட முக்கியம், திரும்பி வரும் பாட்டிலுக்கு அடுத்த முறை வேறு தேதி வேண்டும். இங்க்ஜெட் மையில் போட்ட தேதி காஸ்டிக் சோடா கழுவலில் போய்விடும், புதிதாகப் போடலாம். லேசர் பொறித்தது போகாது.

2025இல் மத்திய அரசின் அபெடா நிறுவனம், அமெரிக்கா, பிரிட்டன், வளைகுடா நாடுகளுக்குக் கோலி சோடா ஏற்றுமதியாவதாக அறிவித்தது. கப்பலேறிப் போகும் அந்தப் பாட்டில்கள் கழுவி நிரப்ப இங்கே திரும்பி வரப்போவதில்லை. அவற்றில், ஆழம் பார்த்து, லேசரிலேயே தேதி போடலாம்.