ஈறு நோய்: ஒரு சொல்லுக்குள் எத்தனை நோய்?

‘ஈறு’ என்றதும் நமக்கு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். இங்கே பேசப்போவது பல்லைச் சுற்றியுள்ள ஈறு. உடல்நலக் கருத்துணர்தல் பகுதி எழுதும்போது ‘ஈறு நோய்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பல் மருத்துவர்களுக்கு அது ஒரே நோய் இல்லை.

அவர்கள் முதலில் பார்ப்பது, கெட்டது திரும்புமா திரும்பாதா என்பதைத்தான். பல்லில் படியும் கிருமிப் படலத்தால் ஈறு சிவந்து வீங்கி, துலக்கும்போது ரத்தம் வந்தால் அது ஈறு அழற்சி. எலும்புக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. படலத்தை நீக்கினால் ஈறு பழையபடி ஆகிவிடும். பருவ வயதில் சுரப்பு மாற்றத்தால் இது கூடுதலாகத் தெரியும்; நம் கீழ்ப் படிவ மாணவர்கள் அந்த வயதுக்காரர்கள்தான். ரத்தம் வருதேன்னு அந்த இடத்தைத் துலக்காமல் விடுவார்கள். படலம் இன்னும் சேரும்.

அடுத்தது ‘பெரியோடொன்டைட்டிஸ்’. பல்லைத் தாடையோடு பிணைக்கும் நார்களும் எலும்பும் இதில் கரைகின்றன. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது. வலியும் அதிகம் இருக்காது, அதான் சிக்கலே. மருத்துவர் மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கருவியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு அளக்கிறார். ஆரோக்கியமான ஈறில் அது 3 மி.மீ.க்கு மேல் இறங்காது.

1999 வகைப்பாட்டில் இந்நோயை ‘நாள்பட்டது’, ‘தீவிரமானது’ என இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இரண்டும் வெவ்வேறு நோய் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. 2017இல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் சிக்காகோவில் கூடி இரண்டையும் ஒன்றாக்கின. புதிய வகைப்பாடு 2018இல் வெளியானது. இப்போது ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு குறிப்பு. எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கு நிலை 1 முதல் 4 வரை. எவ்வளவு வேகமாகக் கெடுகிறது என்பதற்குத் தரம் ஏ, பி, சி.

எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது குறிப்பு. வேரைச் சுற்றிய எலும்பில் பாதியை இழந்த இருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்கு வயது 70, மற்றவருக்கு 30. இழந்த விழுக்காட்டை வயதால் வகுத்தால் முதலாமவருக்கு ஏறக்குறைய 0.7, அது தரம் பி. இளையவருக்கு 1ஐத் தாண்டுகிறது, தரம் சி. இழப்பு ஒன்றுதான், வேகம் வேறு. நாளுக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்தாலும் தரம் சி. இனிப்புநீர் உள்ளவருக்கு எச்பிஏ1சி அளவு 7 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தாலும் அதே சி. நம் குடும்பங்களில் இனிப்புநீர் இல்லாத வீடு எத்தனை? புகைப்பவருக்கு ஈறில் ரத்தம் குறைவாகவே வரும் என்பதால் நோய் மறைந்தும் கிடக்கும்.

இவை தவிர, திசு அழுகிக் கடும் வலி தரும் வகை, வலிப்பு மருந்து, சில ரத்த அழுத்த மருந்துகளால் ஈறு தடிக்கும் வகை, செயற்கைப் பல் வேரைச் சுற்றி வரும் நோய் எனத் தனிப் பிரிவுகளும் உண்டு. கடைசியாகச் சொன்னது 2018 பட்டியலில்தான் முதன்முதலாக இடம்பெற்றது.

பகுதி எழுதும்போது ஒரு சொல்லில் கவனம் வேண்டும். ஈறு அழற்சி ‘குணமானது’ என்று தாராளமாக எழுதலாம். பெரியோடொன்டைட்டிஸ் வந்தவர் சிகிச்சைக்குப் பிறகும் அந்நோய் உள்ளவராகவே கணக்கிடப்படுகிறார். அவருக்கு ‘கட்டுப்பாட்டில் உள்ளது’ என்று எழுதுங்கள்.