சொல்கிற கோட்பாடும் நடக்கிற வகுப்பும்: ராஜபாளையம், திருவில்லிபுத்தூரை முன்வைத்து

கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் ‘கல்வி எதற்கு?’ என்று கேட்டால் மோசமான பதில் வராது. சிந்திக்கக் கற்றுத்தருவது, கேள்வி கேட்க வைப்பது, சமூக மாற்றம் என்று ஏதாவதொன்று வரும். நம்ம தோழர்கள் என்றால் பாவ்லோ ஃபிரெய்ரேயும் கூடவே வருவார். மறுநாள் காலை அவரே வகுப்புக்குள் போய் ‘எழுதிக்கோங்க’ என்று ஆரம்பிப்பார். ஊருக்குத்தான் உபதேசம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் போலித்தனம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்குகிற சமாச்சாரமல்ல இது.

கிறிஸ் ஆர்ஜிரிஸ், டொனால்ட் ஷோன் இருவரும் 1974இல் ஒரு வேறுபாட்டைச் சுட்டினார்கள். தன் செயலுக்குக் காரணமென ஒருவர் வெளியே சொல்லும் கோட்பாடு ஒன்று. அவர் செய்வதைக் கூர்ந்து பார்த்து நாம் வருவித்துக்கொள்ளும் கோட்பாடு வேறொன்று. இரண்டாவது தனக்குள் இயங்குவதே பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. 2002இல் ரூத் கேன், சூசன் சாண்ட்ரெட்டோ, கிறிஸ் ஹீத் மூவரும் பல்கலைக்கழக ஆசிரியர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு அவர் செய்வதைப் பற்றிப் பல ஆய்வுகள் முடிவுகட்டுகின்றன, இது பாதிக்கதைதான் என்றார்கள். மீதிப் பாதிக்கு வகுப்பறைக்குள்தான் போயாக வேண்டும்.

எந்த வகுப்பறை? மதுரை–தென்காசி சாலையில் கிருஷ்ணன்கோவில், திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று அடுத்தடுத்து வருகிற ஊர்களை எடுத்துக்கொள்வோம். 1973இல் ராஜபாளையத்தில் ராஜுக்கள் கல்லூரி வந்தது. கிருஷ்ணன்கோவிலில் 1984இல் தொடங்கிய கலசலிங்கம் பொறியியல் கல்லூரி 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. நூற்பாலை, சத்திரப்பட்டியின் பாண்டேஜ் தறி, பால்கோவா அடுப்பு, மலையடிவாரத்துத் தோப்பு வேலை – இந்த வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாகப் பட்டம் படிக்கிறவர்கள் வருகிறார்கள். ராஜபாளையத்தில் பல வீடுகளில் தெலுங்கு, தெருவில் தமிழ், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். மூன்று மொழிகளைத் தாண்டித்தான் ஒரு கருத்து மாணவரிடம் போய்ச் சேர வேண்டும்.

இங்கேதான் ‘நோட்ஸ்’ வருகிறது. ஃபிரெய்ரேயின் பார்வையில் நோட்ஸ் என்பது வங்கிமுறைக் கல்வியின் கச்சிதமான வடிவம்: ஆசிரியர் போடுகிறார், மாணவர் சேமிக்கிறார், தேர்வன்று எடுத்துக் கொடுக்கிறார். சரிதான். ஆனால் ‘சார், நோட்ஸ் குடுத்துருங்க’ என்று கேட்பது மாணவர்தானே? இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு, ஆங்கிலப் புத்தகம் வாங்கிப் படிக்க முடியாத பெண்ணுக்கு, அந்த நாலு பக்கம் சோம்பேறித்தனமல்ல, பிழைப்பு. இணைப்புக் கல்லூரி அமைப்பில் பாடத்திட்டம் ஓரிடத்தில் முடிவாகிறது, கேள்வித்தாள் வேறொருவர் எடுக்கிறார், விடைத்தாளை மூன்றாமவர் திருத்துகிறார். நடுவில் நிற்கிற ஆசிரியரின் தத்துவத்துக்கு அங்கே அதிகாரம் கிடையாது. தன்னாட்சி தந்தால் இது தீரும் என்றுதான் 1978இல் மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை அந்த வழிக்குப் போயின. கேள்வித்தாள் ஆசிரியர் கைக்கே வந்தது. வந்தபிறகும் ‘இரண்டு மார்க், ஐந்து மார்க், பத்து மார்க்’ என்ற சட்டகம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அப்படியே நிற்கிறதென்றால், பழியை முழுக்கப் பல்கலைக்கழகத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

1990களின் அறிவொளி இயக்கத்தை நினைத்துப் பார்க்கலாம். கல்லூரி ஆசிரியர்கள் பலர் மாலையில் கிராமத்துக்குப் போனார்கள். அங்கே பாடப்புத்தகம் ‘பட்டா’ என்ற சொல்லிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து, ஆரம்பித்தது. ஃபிரெய்ரேயின் நிழல் அதில் தெளிவாகவே உண்டு. தரையில் உட்கார்ந்து, ‘நீங்க சொல்லுங்கம்மா’ என்று கேட்ட அதே வாய் காலையில் கல்லூரியில் ‘ஏய், எந்திரி’ என்றது. ஆள் மாறவில்லை, தத்துவமும் மாறவில்லை. மாறியது முன்னிலை: நீங்க, நீ ஆனது. கோட்பாடு எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள் இந்த விகுதிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்றையும் பார்க்கலாம். உதவித்தொகைப் படிவம் வரும்போது ‘எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிங்க’ என்று வகுப்பின் நடுவே ஒரு குரல். சமத்துவம் பற்றி அருமையாகப் பாடம் நடத்துகிற ஆசிரியரின் குரலாகவும் அது இருக்கலாம். அந்த அரை நிமிடத்தில் நடந்ததும் பாடம்தான். எழுந்து நின்றவரும் உட்கார்ந்திருந்தவரும் அதை நன்றாகவே கற்றுக்கொள்கிறார்கள். பூர்தியூவும் பாஸ்ரோனும் 1970இல் பள்ளி சமூகத்தை மறுஉற்பத்தி செய்கிறது என்று எழுதினார்களே, அது இப்படிச் சில்லறையாகத்தான் நடக்கிறது.

இப்போது புதுச் சிக்கல். 1994இல் நாக் வந்தது. 2014இல் இந்தியா வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பினரானபின் பொறியியல் கல்லூரிகளில் ‘கற்றல் விளைவு’ என்பது தாரக மந்திரம். ‘பகுப்பாய்வார்’, ‘மதிப்பிடுவார்’ என்று ப்ளூமின் வினைச்சொற்களைப் போட்டு ஒவ்வொரு பாடத்துக்கும் ஃபைல் தயாராகிறது. சொல்கிற கோட்பாடு ஆசிரியரின் மனதிலிருந்து கிளம்பிக் கட்டத்துக்குள் போய்விட்டது. அதை நிரப்புகிறவர் பெரும்பாலும் நிரந்தரமில்லாதவர். கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2019இல் சொன்னது. அதில் பாதிகூட வாங்காதவர்கள் நிறைய. அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம் ‘விமர்சனபூர்வமாகக் கற்பி’ என்று சொல்வதில் ஒரு குரூரம் இருக்கிறது.

ஆனாலும் ஃபைலில் ஏறாத ஒன்று தினமும் நடக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வாசித்துவிட்டு, ‘அதாவதுப்பா...’ என்று தமிழில் இறங்குகிறாரே, தறியையோ கண்மாயையோ உதாரணம் சொல்கிறாரே, அந்த இரண்டு நிமிடம். கற்பித்தல் என்று ஏதாவது நடந்தால் அங்கேதான் நடக்கிறது. அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. பல ஆசிரியர்களே அதைக் குறை என்று நினைத்து மறைக்கிறார்கள்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடி. அதை மூன்று வினாடியாக்கினால் மாணவர் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். அவர் பார்த்தது ஆரம்பப் பள்ளி அறிவியல் வகுப்புகள். நம் வகுப்பில், கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டு, வீட்டு மொழியில் யோசித்து, திரும்ப ஆங்கிலத்துக்கு வர வேண்டிய மாணவிக்கு மூன்று வினாடியும் போதாது. அதற்குள் ஆசிரியரே பதிலைச் சொல்லிவிட்டு ‘எழுதிக்கோங்க’ என்கிறார்.