துளைகளை எண்ணி வாங்குங்கள்



தோட்டத்தில் திருவிழா நடக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். நீங்கள் அடுப்படியில் வேலையாக இருக்கிறீர்கள். வெளியே உறுமி மேளம் கேட்கிறது. எட்டிப் பார்க்காமலேயே, "சாமி கோயிலடியை விட்டுக் கிளம்பிவிட்டது, மேட்டு வீடுகள் பக்கம் வருகிறது" என்று சொல்லிவிடுகிறீர்கள். இது எப்படி முடிகிறது?

இடப்பக்கத்தில் எழும் ஓசை முதலில் இடக்காதை எட்டுகிறது. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் கழித்து, சற்று வலுக்குறைந்து, வலக்காதை எட்டுகிறது. இந்தச் சிறு வேறுபாட்டை மூளை கணக்குப் பார்த்துத் திசையைச் சொல்லிவிடுகிறது. ஓசை முன்னே எழுகிறதா, பின்னே எழுகிறதா என்பதை அறியக் காது மடலின் மடிப்புகளும் உதவுகின்றன.

இந்த இயற்கைத் திறனை நம்பித்தான் திரையரங்குகளில் சூழொலி அமைக்கப்பட்டது. முன்னால் இடம், நடு, வலம் என மூன்று ஒலிபெருக்கிகள்; பின்பக்கம் இரண்டு; இடி, வெடி போன்ற தாழ்ந்த ஓசைக்கென்று தனியாக ஒன்று. ஐந்தும் ஒன்றும் சேர்ந்ததால் இதை 5.1 என்கிறார்கள். மேலும் இரண்டு சேர்ந்தால் 7.1. தமிழ்ப் படங்களில் 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியுடனும், 1996இல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியுடனும் வந்தன. பின்னாலிருந்து ஓசை வந்தபோது மக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த ஒலியை வீட்டுக் கணினியிலும் கேட்க முடியும். ஆனால் எதை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

1998இல் இரண்டாம் இணைப்புப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, ஜொகூர்ப் பக்கத்திலிருந்து துவாசுக்கு நேராகப் போய்வர வழி பிறந்தது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் விடியுமுன் எழுந்து, பாலம் கடந்து, சிங்கப்பூரில் வேலை செய்து திரும்புகிறார்கள். சிலர் அங்கேயே விடுதியில் தங்குகிறார்கள். மிகுதிநேர வேலை செய்து சேர்த்த வெள்ளியில் ஒரு மடிக்கணினி வாங்குகிறார்கள். அடுத்து, வீட்டில் எல்லாரும் படம் பார்க்கட்டும் என்று 'சூழொலிப் பெட்டி' வாங்க நினைக்கிறார்கள். கடையில் பெட்டியின் மேல் 7.1 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். வீட்டுக்கு வந்து மாட்டினால் பழையபடியே கேட்கும். பல நாள் உழைப்பின் பணம் வீணாகிவிடும்.

இந்தப் பெட்டிக்குப் பெயர் வெளிப்புற ஒலி அட்டை. கணினிக்குள் ஒலியெல்லாம் எண்களாகவே இருக்கிறது. அந்த எண்களை, ஒலிபெருக்கி புரிந்துகொள்ளும் மின் அலையாக மாற்றுவதே இதன் வேலை. முன்பு இது கணினிக்குள்ளே பொருத்தும் அட்டையாகவே இருந்தது.

இந்த அட்டையை உலகெங்கும் கொண்டுசென்றது சிங்கப்பூர் நிறுவனம்தான் என்பதை அறிந்தால் வியப்பாக இருக்கும். சிம் வோங் ஹூ என்பவர் 1981இல் சைனாடவுனில், பெர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் ஒரு சிறு கடையாகக் கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1989இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டை வந்தது. கணினி என்றால் 'பீப்' என்று கத்தும் பெட்டி என்றிருந்த காலம் மாறியது. 1992இல் அந்த நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. சிங்கப்பூர் நிறுவனங்களில் அதுவே முதல். துவாசுக்குக் கிழக்கே, ஜூரோங் வட்டாரத்தில் அதன் தலைமையகம் எழுந்தது. பின்னர், கணினியைத் திறக்காமல் யு.எஸ்.பி. கம்பியால் வெளியே இணைக்கும் 'எக்ஸ்டிஜி' என்ற பெட்டியை வெளியிட்டது. சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார்.

இனி, பெட்டி வாங்கப் போகுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளைப் பார்ப்போம்.

முதல் கேள்வி: எதில் கேட்கப் போகிறோம்? விடுதி அறையில் பலர் படுத்திருக்க, ஹெட்போனில் மட்டும் கேட்பவருக்கு ஆறு வழிப் பெட்டி தேவையே இல்லை. காது இரண்டுதான், ஹெட்போனிலும் ஒலி வழி இரண்டுதான். காதுக்குக் காது நேரத்தையும் வலுவையும் மாற்றி, சுற்றிலும் கேட்பதுபோல் ஒரு தோற்றத்தை மென்பொருளே உண்டாக்கிவிடும். விண்டோஸ் கணினிகளில் 2017 முதல் 'விண்டோஸ் சோனிக்' என்ற வசதி இலவசமாகவே இருக்கிறது. முதலில் அதைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: நம்மிடம் எத்தனை ஒலிபெருக்கிகள் இருக்கின்றன? ஒலி அட்டை தருவது மெல்லிய அலைதான். அதைப் பெருக்கும் கருவி ஒலிபெருக்கித் தொகுதியில் இருக்க வேண்டும். இரண்டே ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு 5.1 பெட்டி வாங்குவது, இரண்டு பேருக்கு ஆறு தட்டு வைப்பது போலாகும்.

மூன்றாவது கேள்வி: பெட்டியில் எத்தனை துளைகள்? இதுதான் மிக முக்கியம். சாதாரணக் கம்பி ஒவ்வொன்றும் இரண்டு ஒலி வழிகளைச் சுமக்கும். ஆகவே 5.1 ஒலிக்கு மூன்று துளைகள் வேண்டும். பச்சை முன்பக்கத்துக்கு, கறுப்பு பின்பக்கத்துக்கு, ஆரஞ்சு நடுவுக்கும் தாழ்ந்த ஓசைக்கும். நிற அடையாளம் இல்லாத பெட்டிகளில் துளையருகே எழுதியிருப்பதைப் படியுங்கள். 7.1 என்றால் நான்காவதாக ஒரு துளை இருக்கும். விரல் நீளப் பெட்டியில் ஹெட்போனுக்கு ஒன்று, ஒலிவாங்கிக்கு ஒன்று என இரண்டே துளைகள் இருந்து, மேலே 7.1 என்று எழுதியிருந்தால், அது முன்பு சொன்ன தோற்ற ஒலிதான். எழுத்தைப் பார்க்காதீர்கள், துளைகளை எண்ணுங்கள்.

சில பெட்டிகளில் ஒளியிழைக் கம்பிக்கான ஒரே துளை இருக்கும். அதன் வழியாகச் சுருக்கிய டால்பி, டி.டி.எஸ். ஒலி ஆறு வழியிலும் போகும். சுருக்காத ஒலியோ இரண்டு வழியில் மட்டுமே போகும். மறுமுனையில் உள்ள தொகுதிக்கு டால்பியைப் பிரித்துப் படிக்கும் திறன் இருக்க வேண்டும். கணினி விளையாட்டுகளின் ஒலி ஆறு வழியில் வர வேண்டுமென்றால், அதை அவ்வப்போதே டால்பியாக மாற்றித் தரும் பெட்டியா என்று கேட்டு வாங்குங்கள்.

நான்காவது கேள்வி: ஏற்கெனவே நம்மிடம் வழி இருக்கிறதா? மேசைக் கணினியின் பின்புறத்தில் மூன்று ஒலித் துளைகளோ அதற்கு மேலோ இருந்தால், அதுவே 5.1 ஒலி தரக்கூடும். எச்.டி.எம்.ஐ. துளையுள்ள ஹோம் தியேட்டர் வீட்டில் இருந்தால், மடிக்கணினியிலிருந்து ஒரு எச்.டி.எம்.ஐ. கம்பியே ஆறு வழி ஒலியையும் கொண்டுபோகும். அங்கே பெட்டி வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

ஐந்தாவது கேள்வி: பார்க்கும் படத்தில் சூழொலி இருக்கிறதா? மூலத்தில் இல்லாததைப் பெட்டி படைக்காது. டிவிடி தகட்டில் 5.1 என்று குறித்திருந்தால் நல்லது. இணையத்தில் காணும் படங்கள் பலவற்றில் ஒலி இரண்டு வழிதான்.

எல்லாம் பொருந்தினால் வாங்குங்கள். மாட்டிய பிறகு, கணினியின் ஒலி அமைப்பில் 5.1 என்று தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு ஒலிபெருக்கியாகச் சோதியுங்கள். பலர் இதைச் செய்யாமல் பெட்டியைக் குறை சொல்கிறார்கள். பின் ஒலிபெருக்கிகளை உட்காருமிடத்தின் இரு பக்கத்திலும், சற்றே பின்தள்ளி வையுங்கள். தாழ்ந்த ஓசை சுவரைத் துளைத்துப் போகும். ஒட்டிய வீடுகளில் இருப்பவர்கள், பக்கத்து வீட்டில் விடியற்காலை வேலைக்குப் போகிறவர்களை நினைத்து அதைக் குறைத்து வைப்பது பண்பு.

கடைசியாக ஒன்று. சிம் லிம் ஸ்குவேரிலோ லிட்டில் இந்தியாவிலோ எங்கே வாங்கினாலும் ரசீது கேளுங்கள். 'மூன்று துளை, 5.1 வெளியீடு' என்று அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் வெளிப்படும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படி இல்லையென்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. பழுது பார்த்தோ மாற்றியோ தரும்படி நாம் கேட்கலாம். தீராவிட்டால், 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கிறது.

ஆனால் பெட்டி சரியாக வேலை செய்து, நமக்குத்தான் பொருந்தவில்லை என்றால், அதற்குச் சட்டம் உதவாது. ஆகவே, பெற்றோரே, பிள்ளை அடுத்த முறை தொலைபேசியில் "ஒரு பெட்டி வாங்கப் போகிறேன்" என்று சொன்னால், "எத்தனை துளை, எண்ணிப் பார்த்தாயா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அவன் உழைப்பைக் காக்கும்.